முதுகு வலியோடு கப்பலில் நிம்மதியாகத் தூங்க: டிக்கெட் எடுப்பதற்கு முன்பிருந்து கடைசி இரவு வரை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஓய்வு பெற்ற அம்மா அப்பாவைப் பிள்ளைகள் மூன்று இரவு, நான்கு இரவு கப்பல் பயணத்துக்கு அனுப்பி வைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. போகிறவர்களில் நிறையப் பேர் முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை தூக்கியவர்கள். அந்த முதுகு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் இடுப்பில் ஜவ்வு பிதுங்கி ஆறு வருடம் ஆகிறது. சொந்தக்காரர்களோடும் பழைய தோட்டத்து ஆட்களோடும் ஐந்து முறை கப்பலில் போய் வந்திருக்கிறேன்.

ஐந்து முறையும் ஒரே காட்சிதான். முதல் நாள் சாப்பிட்டு, ஆட்டம் பாட்டம் எல்லாம் பார்த்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கும்போதுதான் "மெத்தை சரியில்லையே" என்று தெரியும். அந்த நேரத்தில் அறையைக் கவனிக்கும் ஆள் வேலை முடித்துப் போயிருப்பார், கூடுதல் தலையணையும் நுரை மெத்தையும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து முடிந்திருக்கும். அப்புறம் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியும்வரை புரள வேண்டியதுதான். கப்பலில் உங்கள் தூக்கம் கட்டிலில் முடிவாவதில்லை, டிக்கெட் எடுக்கும்போதும் கப்பல் ஏறிய முதல் ஒரு மணி நேரத்திலும்தான் முடிவாகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் டாக்டர், அப்புறம்தான் டிக்கெட்

மலிவு விலை பார்த்தவுடன் டிக்கெட்டை எடுத்துவிட்டு, புறப்படும் வாரத்தில் கிளினிக்குக்குப் போகிறவர்கள் அதிகம். அதற்குள் பணத்தைத் திரும்பக் கேட்கும் தேதி கடந்திருக்கும். டாக்டர் "இப்போது வேண்டாம்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

டாக்டரிடம் உட்கார்ந்ததும் நேராகக் கேளுங்கள்: நான்கு நாள் வேறு மெத்தையில் படுக்கலாமா, வலி கூடினால் எந்த மாத்திரை எத்தனை போடலாம், கடல் மயக்க மாத்திரையை அதோடு சேர்த்துப் போடலாமா. பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகளின் பெயர் போட்ட கடிதமும் ஒன்று வாங்குங்கள், வேறு நாட்டில் இறங்கும்போதும் கப்பல் டாக்டரிடம் போகும்போதும் அது உதவும்.

இதை மட்டும் யாரும் சாதாரணமாக எடுக்காதீர்கள். கால் நாளுக்கு நாள் பலம் இழப்பது, தொடைகளுக்கு நடுவில் உணர்ச்சி குறைவது, சிறுநீரோ மலமோ வருவது தெரியாமல் போவது அல்லது வராமல் அடைத்துக்கொள்வது, இவையெல்லாம் தலையணை வைத்துச் சரி செய்யும் விஷயம் இல்லை. நரம்பு நசுங்குவதன் அறிகுறிகள். கரையில் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி, கப்பலில் இருந்தால் உடனே மருத்துவ அறை, எந்த நேரமாக இருந்தாலும் சரி.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது முதுகுப் பிரச்சினையை மறைக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோயைச் சொல்லாமல் விட்டால் பிறகு பணம் கேட்கும்போது தள்ளிவிடலாம். கப்பல் மருத்துவ அறை இலவசம் இல்லை, நம் அரசாங்கக் கிளினிக் கட்டணத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் பில்லைப் பார்த்துத் திகைத்துப் போவீர்கள்.

2. அறை: நடுவில், தாழ்வான தளத்தில்

தமிழ்ப்பள்ளித் திடலில் ஒரு பக்கம் ஏற ஒரு பக்கம் இறங்கும் பலகை இருக்குமே, அதன் இரண்டு முனையும் எவ்வளவு ஏறி இறங்கும், நடு எவ்வளவு அசையும் என்று நினைத்துப் பாருங்கள். கப்பலும் அப்படித்தான். முன் மூக்கிலும் பின் வாலிலும் ஏற்ற இறக்கம் அதிகம். மேலே போகப் போக பக்கவாட்டு ஆட்டம் அதிகம். நடுப்பகுதியில் தாழ்வான தளம்தான் முதுகுக்கு நல்லது.

பெரிய கப்பல்களில் தண்ணீருக்கு அடியில் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் இருப்பதால் ஆடாது என்று முகவர் சொல்லலாம். உண்மைதான், ஆனால் அவை குறைப்பது பக்கவாட்டு ஆட்டத்தை. முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவை பெரிதாகக் குறைப்பதில்லை. அதனால் நடு அறை எப்போதும் நடு அறைதான்.

ஆட்டம் ஏன் முதுகைப் பாதிக்கிறது? தூக்கத்திலும் உடம்பு விழாமல் இருக்கத் தசைகள் இறுகிக்கொண்டே இருக்கும். காலையில் எழுந்தால் ஒரு நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த மாதிரி இருக்கும்.

பருவத்தையும் பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கும். மலாக்கா நீரிணைக்குச் சுமத்ரா ஒரு மதில் மாதிரி இருப்பதால் அங்கே பொதுவாக அமைதி. தாய்லாந்தின் புக்கெட் பக்கம் அந்தமான் கடலில் மே முதல் அக்டோபர் வரை அலை கூடும். முதல் முறை போகிறவர் என்றால் புக்கெட்டுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதிரி மாதங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறை எண் கிடைத்ததும் தளப் படத்தை எடுத்து, உங்கள் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேலே கேட்கும், சமையல் அறை இருந்தால் ராத்திரி முழுக்க வண்டி உருளும். கீழே ஆட்டக் கூடம் இருந்தால் இசையின் அதிர்வு கட்டிலுக்கு வரும். மேலும் கீழும் அறைகளே இருக்கும் இடம்தான் நல்ல இடம். லிப்டுக்குப் பக்கத்து அறை நடக்கக் குறைவு, ஆனால் சத்தம். நடையில் கஷ்டம் இருப்பவருக்கு நான் நான்கைந்து கதவு தள்ளி எடுக்கச் சொல்வேன்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, "அறை எண்ணை நாங்களே ஒதுக்குவோம்" என்று சொல்லும் மலிவு டிக்கெட்டை எடுப்பது. இருநூறு வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பிடிக்கப் போய் மூக்கு முனையில், நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில் அறை கிடைத்த அண்ணன் ஒருவரை எனக்குத் தெரியும். முதுகு நன்றாக இருப்பவர்களுக்கு அந்த டிக்கெட் சரி. நமக்கு வேண்டாம்.

நான்கு பேர் ஒரே அறையில் போகிறீர்கள் என்றால் யார் எங்கே படுப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். சுவரிலிருந்து இறங்கும் மேல் கட்டிலுக்கு ஏணி ஏற வேண்டும். சோபாவை விரித்துப் போடும் கட்டிலில் மெத்தை மெல்லிசு, நடுவில் கம்பி இடிக்கும். "பேரப் பிள்ளைங்க கட்டில்ல படுக்கட்டும், எனக்கு சோபா போதும்" என்று பாட்டிகள் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

குனியவே முடியாதவர், தடி ஊன்றி நடப்பவர் என்றால் மாற்றுத் திறனாளிகளுக்கான அறை இருக்கிறதா என்று கேளுங்கள். அகலமான கதவு, பிடிமானக் கம்பி, உட்கார்ந்து குளிக்க இருக்கை எல்லாம் இருக்கும். எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும்.

3. எழுத்தில் கேளுங்கள், பதிலை அச்சடித்து வையுங்கள்

டிக்கெட் எடுத்த அன்றே முகவர் மூலமோ நேரடியாகவோ கப்பல் கம்பெனிக்கு எழுதுங்கள். டாப்பர் என்கிற நுரை மெத்தை ஒன்று, கூடுதல் தலையணை மூன்று, குளியல் அறையில் உட்கார ஒரு முக்காலி. தனியாகப் படுப்பவர் அல்லது துணை புரண்டு புரண்டு படுப்பவர் என்றால், கட்டிலை இரண்டாகப் பிரித்துப் போடும்படியும் சேர்த்து எழுதுங்கள்.

கப்பலில் பெரிய கட்டில் என்று படத்தில் காட்டுவது பல நேரங்களில் இரண்டு ஒற்றைக் கட்டிலை ஒட்டிப் போட்டதுதான். நடுவில் ஒரு பிளவு இருக்கும். தனியாகப் படுப்பவர் வசதி என்று நடுவில் போய்ப் படுப்பார், இடுப்பு அந்தப் பிளவில் இறங்கும், காலையில் எழ முடியாது.

போனில் பேசினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. போனில் "சரி, சரி" என்றவர் வேறு, கப்பலில் இருப்பவர் வேறு. இரண்டாவது பயணத்தில் நான் போனில் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன், கப்பலில் எந்தப் பதிவும் இல்லை, டாப்பரும் முடிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு மின்னஞ்சல் பதிலை அச்சடித்து பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்கிறேன்.

4. வீட்டிலேயே ஒரு வாரம் ஒத்திகை

உங்கள் முதுகுக்கு எது ஒத்துவரும் என்று தெரியாமல் போனால் கப்பலில் என்ன கேட்பது என்றும் தெரியாது. அதனால் புறப்படுவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் பழகிப் பாருங்கள்.

தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த நமக்கு "முதுகு வலியா, தரையில் பாயைப் போட்டுப் படு" என்பதுதான் பாடம். கெட்டியாக இருந்தால்தான் முதுகு நிமிரும் என்று நானும் நம்பினேன். 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நீண்ட நாள் இடுப்பு வலி உள்ள 313 பேரில் சிலருக்குக் கெட்டி மெத்தையும் சிலருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து மூன்று மாதம் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலியும் முடக்கமும் நன்றாகக் குறைந்தது. அதற்காக எல்லோருக்கும் நடுத்தரம்தான் என்று நான் சொல்லவில்லை, பலகை மாதிரி இருந்தால்தான் நல்லது என்ற பிடிவாதத்தை மட்டும் விடுங்கள்.

ஒத்திகையில் பார்க்க வேண்டியது தலையணையைத்தான். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒன்று, ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. எந்த உயரம் உங்களுக்கு இதமாக இருக்கிறது என்று பார்த்து, துண்டை மடித்து அந்த உயரத்தை விரலால் அளந்து வையுங்கள்: நான்கு விரல், ஆறு விரல் என்று. கப்பலில் எந்தத் தலையணை கொடுத்தாலும் துண்டு மடித்து அந்த உயரத்துக்குக் கொண்டு வந்துவிடலாம்.

மலேசியாவில் நாம் பிறந்ததிலிருந்து பந்தால் பெலுக்கைக் கட்டிக்கொண்டு தூங்கிப் பழகியவர்கள். அந்த நீளத் தலையணை கப்பலில் இருக்காது. அது இல்லாமல் ஒருக்களித்துப் படுத்தால் மேல் கால் முன்னால் சரிந்து இடுப்பை முறுக்கும், தூக்கம் வராததற்குப் பாதிக் காரணம் அதுதான். கைலி இரண்டை இறுக்கிச் சுருட்டித் தலையணை உறைக்குள் திணித்தால் அதே வேலையைச் செய்யும்.

5. கைப்பையில் போக வேண்டியவை

பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் கொடுத்துவிட்டால் அது அறைக்கு வர மாலை ஆகும், சில நேரம் இரவு ஆகும். அதனால் மாத்திரைகள் எல்லாம் அட்டையோடு, டாக்டர் கடிதம், இடுப்புப் பட்டை, கைலி இரண்டு, ரப்பர் சுடுநீர்ப் பை, தைலம், இவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். மாத்திரையை டப்பாவில் கொட்டிக் கொண்டுபோகாதீர்கள், எது எது என்று யாருக்கும் தெரியாது.

மின்சாரத்தில் சூடாகும் பட்டை, கெட்டில், இஸ்திரிப் பெட்டி, நீள வயர் பிளக் போன்றவற்றைப் பல கப்பல்களில் சோதனையின்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். நெருப்புப் பயம்தான் காரணம், கப்பலில் தீ பிடித்தால் ஓட இடம் இல்லை. ஆக நமக்கு ரப்பர் பைதான் வழி. மூச்சுக் கருவி வைத்துத் தூங்குபவர் மட்டும் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும்.

ஒரு சின்னப் பொருள் சொல்கிறேன். காந்தக் கொக்கி நான்கு, ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். கப்பல் அறையின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, ஒட்டிக்கொள்ளும். பையையும் பட்டையையும் இடுப்பு உயரத்தில் தொங்கவிட்டால் ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டியதில்லை.

பெட்டி நான்கு சக்கரம் உள்ளதாக இருக்கட்டும். தூக்கி ஏற்றுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முப்பது வருடம் தூக்கினது போதும்.

6. துறைமுகம் வரைக்கும் போகும் வழி

சுங்கை சிப்புட்டிலிருந்து பினாங்கு ஜார்ஜ் டவுன் சுவெட்டன்ஹாம் துறைக்குப் போக எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும், பாலத்தில் நெரிசல் என்றால் இன்னும் கூடும். வேனில் ஒன்பது பேர் நெருக்கி உட்கார்ந்து நிற்காமல் போனால், கப்பல் ஏறும்போதே முதுகு பிடித்திருக்கும். அந்த இறுக்கத்தோடு படுத்துவிட்டு மெத்தையைக் குறை சொல்வார்கள்.

கோலகங்சாரைத் தாண்டி எங்காவது ஒரு முறை, குனோங் செமாங்கோல் ஓய்விடத்தில் ஒரு முறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள். இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு வையுங்கள். கிள்ளான் துறைமுகமோ சிங்கப்பூரோ என்றால் தூரம் அதிகம், சிங்கப்பூருக்கு முதல் நாளே போய் ஒரு இரவு தங்கிவிடுவது நல்லது.

துறைமுகத்தில் வரிசை நீளமாக இருக்கும். நிற்க முடியாதவர் சக்கர நாற்காலி கேட்பதில் வெட்கமே வேண்டாம். அரை மணி நேரம் நின்ற வலி ராத்திரி வரைக்கும் வரும்.

7. ஏறிய முதல் ஒரு மணி நேரம்

எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் அறை திறந்தவுடன் அறைக்குப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, தூங்கும்போது எப்படிப் படுப்பீர்களோ அப்படிப் பதினைந்து நிமிடம் படுங்கள். கையால் அமுக்கிப் பார்ப்பது சோதனை இல்லை. கை சொல்வது ஒன்று, இடுப்பு சொல்வது ஒன்று.

மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. கை நுழையவே இல்லை, பின்பக்கம் அமிழ்ந்து கிடக்கிறது என்றால் தளர்ச்சி. லேசாக உரசிக்கொண்டு போனால் சரியாக இருக்கிறது. அப்புறம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, பின்னாலிருந்து போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை கோடு நேராக இருக்கிறதா, நடுவில் தொங்குகிறதா என்று படத்தில் தெரியும்.

உடனே அறையைக் கவனிக்கும் ஆளைப் பாருங்கள். அவர்தான் உங்களுக்கு முக்கியமான மனிதர். பல கப்பல்களில் இந்தோனேசியர்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள், நம் மலாய் அவர்களுக்குப் புரியும், இது நமக்குக் கிடைத்த வசதி. இரண்டு சொல்லை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்: மெத்தையை நாம் தீலாம் என்போம், அவர்கள் காசூர் என்பார்கள். துண்டை நாம் துவாலா என்போம், அவர்கள் ஹண்டுக் என்பார்கள். பந்தால் (தலையணை), செலிமுட் (போர்வை), சாக்கிட் பிங்காங் (இடுப்பு வலி), இதெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். "தோலோங், சாயா சாக்கிட் பிங்காங்" (உதவுங்கள், எனக்கு இடுப்பு வலி) என்று மரியாதையாகச் சொல்லி, அச்சடித்த தாளைக் காட்டுங்கள். கத்தி வாங்குவதைவிட இப்படிக் கேட்டு வாங்குவது சீக்கிரம் நடக்கும்.

பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் தவறாமல் போங்கள், நிற்க முடியாது என்றால் அங்கே உள்ளவரிடம் சொன்னால் உட்கார இடம் கொடுப்பார்கள். பெட்டி வந்ததும் பிள்ளைகளை வைத்துத் தேவையானதை மேலே எடுத்துவிட்டு, காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொல்லுங்கள். அறை சின்னது, ராத்திரி எழும்போது பெட்டி காலில் தட்டினால் ஒரு திடீர் குலுக்கலே போதும், முதுகு பிடித்துக்கொள்ளும்.

8. மெத்தையைச் சரி செய்வது

கெட்டியாக இருந்தால் டாப்பர் போடச் சொல்லுங்கள். டாப்பர் இல்லை என்றால் கனமான போர்வை இரண்டு வாங்கி விரிப்புக்கு அடியில் பரப்புங்கள். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, வலிக்கிற இடம் இடுப்பு என்பதால் இடுப்புக்கு அடியில் மட்டும் மடித்து வைப்பது. இடுப்பு மேலே தூக்கிக்கொள்ளும், தோளும் காலும் கீழே இறங்கும், வளைவு இன்னும் மோசமாகும். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே கனமாகப் பரப்ப வேண்டும்.

தளர்ச்சியாக இருந்தால் முதலில் மேலே ஏற்கெனவே நுரை டாப்பர் போட்டிருக்கிறார்களா என்று விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அப்படியும் அமிழ்ந்தால் மெத்தையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். குறைவாக நைந்த பகுதி இடுப்பு வைக்கும் இடத்துக்கு வரலாம். மெத்தைக்கு அடியில் வைக்கப் பலகை இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள், சில கப்பல்களில் வைத்திருப்பார்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அறை மாற்றிக் கேளுங்கள், முதல் நாள் மாலைக்குள் கேட்டால்தான் வாய்ப்பு.

இடுப்பின் பள்ளம் மட்டும் காலியாக இருக்கிறது, மற்றபடி மெத்தை பரவாயில்லை என்றால் முகம் துடைக்கும் துண்டை இரண்டு விரல் கனத்துக்குச் சுருட்டி அந்தப் பள்ளத்தில் வையுங்கள். ராத்திரி நகராமல் இருக்க இடுப்பைச் சுற்றி லேசாகக் கட்டிவிடலாம்.

மெத்தை பிடிக்கவில்லை என்று என் பெரியம்மா முதல் இரவு தரையில் கம்பளத்தில் படுத்தார். குளிர்சாதனக் குளிர் தரையில் தேங்கியது, காலையில் தரையிலிருந்து எழ இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. தரையிலிருந்து எழுவதுதான் முதுகுக்குப் படுப்பதைவிடப் பெரிய வேலை. தரை வேண்டாம்.

9. ஆடும் கட்டிலில் படுப்பது

கட்டில் எந்த வாக்கில் கிடக்கிறது என்று பாருங்கள். கப்பலின் நீளவாக்கில் இருந்தால் பக்கவாட்டு ஆட்டம் உங்களை இடமும் வலமும் உருட்டும். குறுக்குவாக்கில் இருந்தால் தலையும் காலும் மாறி மாறி ஏறி இறங்கும்.

உருட்டுகிறது என்றால் தடுப்பு வேண்டும். போர்வையைச் சுருட்டி விரிப்புக்கு அடியில் உங்கள் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு நடுவில் படுங்கள், குழந்தையைத் தூளியில் போட்ட மாதிரி. உடம்பு தன்னைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்று தெரிந்ததும் தசை தளர்ந்துவிடும், எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது. உயிர்காப்பு அங்கியை எடுத்து முட்டுக் கொடுக்காதீர்கள், அது இருந்த இடத்தில்தான் இருக்க வேண்டும்.

ஏறி இறங்குகிறது என்றால் முழங்காலுக்கு அடியில் வைக்கும் தலையணையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், உடம்பு கீழே வழுக்காது. குப்புறப் படுத்தே பழகியவர் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு மெல்லிய தலையணை வையுங்கள், இல்லையென்றால் இடுப்பு உள்ளே வளையும்.

எழும் முறை: முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருளுவது மாதிரி பக்கவாட்டில் திரும்புங்கள். காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையால் மெத்தையை அழுத்தி எழுங்கள். கட்டில் ஓரத்தில் பத்து எண்ணும் வரை உட்காருங்கள். எதையாவது பிடித்த பிறகுதான் நிற்க வேண்டும்.

10. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில்

சாப்பிட்டதும் நேராகப் படுக்காமல் தளத்தில் இருபது நிமிடம் நடங்கள். குளிர்சாதனத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் அறையில் இருக்கும், மிகவும் குளிர வைக்காதீர்கள், குளிரில் தசை இறுகும்.

சுடுநீர்ப் பைக்குக் கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி பதினைந்து இருபது நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள், வைத்துக்கொண்டே தூங்கக் கூடாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் வெந்துபோவதே தெரியாது, அவர்கள் காலுக்கு வைக்கவே வேண்டாம். தைலம் தேய்த்த இடத்தில் சூடு வைத்தாலும் தோல் புண்ணாகும், இரண்டில் ஒன்று மட்டும்.

மாத்திரையில் கவனம். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 4 கிராம்தான் உச்சம், அதாவது 500 மில்லிகிராம் எட்டு, அதையும் தொடர்ந்து போடச் சொல்லவில்லை. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து இருக்கிறது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு இன்னும் குறைவு, டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகம், ரத்த அழுத்தம், வயிற்றுப் புண் இருப்பவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் வீக்கம் குறைக்கும் வலி மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். கடல் மயக்க மாத்திரை, தசை தளர்த்தும் மாத்திரை இரண்டுமே மயக்கம் தரும், கூட ஒரு பீர் போனால் ராத்திரி எழும்போது விழுவது நிச்சயம். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால், புக்கெட் போகும் கப்பலில் கடிகாரம் மாறினாலும் மாத்திரை இடைவெளியை மணிக்கணக்கில் எண்ணுங்கள்.

கப்பல் குளியல் அறைக்கு வாசல் படி உயரமாக இருக்கும், ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் கை தெரியாத இருட்டு. குளியல் அறை விளக்கைப் போட்டுக் கதவை ஒரு விரல் திறந்து வையுங்கள்.

11. நடு ராத்திரி வலி வந்தால்

பல்லைக் கடித்துக்கொண்டு அதே இடத்தில் கிடக்காதீர்கள். எழுந்து அறைக்குள் ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டு நடங்கள். மறுபடி படுக்கும்போது நிலையை மாற்றுங்கள்: மல்லாந்து இருந்தவர் ஒருக்களித்து, முழங்காலுக்கு நடுவில் கைலிச் சுருளோடு. டாக்டர் சொன்ன மாத்திரை இருந்தால் அப்போது போடுங்கள்.

அடுத்த நாள் காலையிலேயே அறை ஆளிடம் சொல்லி மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். "இன்னும் ரெண்டு ராத்திரிதானே" என்று விடுபவர்கள்தான் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் படுக்கிறார்கள்.

12. பகலில் கெடுக்காமல் இருக்க

காலையில் எழுந்ததும் கட்டிலிலேயே ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுப் பக்கம் மெதுவாக இழுத்து விடுங்கள், வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள். அப்புறம் வெந்நீரில் குளியல்.

கரைச் சுற்றுலாவில் ஆறு மணி நேர பேருந்துப் பயணத்தைத் தவிர்த்து, அரை நாள் ஒன்றை எடுங்கள். கப்பல் துறையில் கட்டாமல் நடுக்கடலில் நின்றால் சின்னப் படகில் இறங்க வேண்டிவரும், படகு ஏறி இறங்கும்போது தாண்டிக் குதிக்காமல் பணியாளர் கையைப் பிடித்து, அவர் சொல்லும்போது மட்டும் காலை எடுத்து வையுங்கள்.

13. கடைசி இரவு

கடைசி இரவு பெட்டியைப் பூட்டிக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், அதிகாலைக்குள் எடுத்துப் போய்விடுவார்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட்டு, கைலிச் சுருளும் மாத்திரையும் இல்லாமல் படுத்தவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். முதல் நாள் கைப்பையில் இருந்ததெல்லாம் கடைசி இரவும் கைப்பையிலேயே இருக்கட்டும். காந்தக் கொக்கிகளைக் காலையில் கழற்றிக்கொள்ளலாம். இறங்கும் இடத்தில் பெட்டிகள் வரிசையாகக் கிடக்கும், உங்களுடையதைக் கையால் காட்டுங்கள், தூக்குவது பிள்ளைகளோ சுமைதூக்கும் ஆளோ. வேனில் ஏறியதும் சுருட்டிய துண்டை இடுப்புக்குப் பின்னால் வைக்க மறக்காதீர்கள், வீட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.